யோகோஹாமாவில் என் கண்ணால் பார்த்தது

மெய்ஜி ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் 5
ஷிராசாவா கிராமம், எச்சிகோ

அண்ணாவுக்கு,

இங்கே மலையில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. டோக்கியோவில் இன்னும் விசிறியைக் கீழே வைத்திருக்க மாட்டீர்கள். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? கண்ட கடையில் நின்று தின்பதைக் குறைத்தீர்களா? நான் நலமாக இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ‘வெளிச்ச வேடிக்கை’ பத்துப் பிரதிகளும் நனையாமல் வந்து சேர்ந்தன. நாலு வருடம் முன்பு வரை குடிகாரப் பூனைகளையும் ஏமாந்த மாப்பிள்ளைகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது சூரிய வெளிச்சத்தைப் பற்றிப் பாடப் புத்தகம் போட்டிருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? பெயரைப் பார்த்தும் நான் நம்பவில்லை. சமையல்கட்டு ஏப்ரன் கட்டிய நரி ஒன்று ஏழு நிறச் சாயத்தையும் கொப்பரையில் போட்டுக் கிண்டி வெள்ளை வெளேரென்று டோஃபுவை எடுக்கும் படத்தைப் பார்த்த பிறகுதான் இது என் அண்ணன் இசபுரோ என்று தெரிந்தது.

ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்ற அரசாங்க உத்தரவு இந்த மலைக்கும் வந்துவிட்டது. என் கணவர் இறந்து இரண்டு வருடமாக, வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால் கோயில் மண்டபத்தில் நான்தான் எழுத்து சொல்லித் தருகிறேன். இனி அதுவே பள்ளிக்கூடம் என்று தற்காலிகமாக முடிவு செய்திருக்கிறார்கள். பத்தொன்பது குழந்தைகள். இது நிலைத்தால் நான் மண்டபத்தை ஒட்டிய அறையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அவருடைய அண்ணன் மத்தாசுகே வீட்டுப் பின்னறை. அதை அவர் இப்போதே பெருக்கி வைத்திருக்கிறார். “எப்ப வேணாலும் வாம்மா, துணிக்கு நார் பிரிக்கக் கை பத்தல” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

குழந்தைகளுக்கு நரியை விடப் பிடித்தது, முப்பட்டைக் கண்ணாடி வெயிலை ஏழு நிறமாகப் பிரித்துச் சுவரில் விழவைப்பதைச் சொல்லும் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: ‘இதை நான் யோகோஹாமாவில், வெளிநாட்டார் ஒருவர் வீட்டில், என் கண்ணால் பார்த்தேன்.’ துணி வெளுப்புக்காரர் மகள் தோமே, ஒன்பது வயது, தினமும் ஒரு கேள்வி கொண்டு வருகிறாள். “சுவத்துல விழுந்த செவப்பத் தொட்டா கை சுடுமா, டீச்சர்?” என்று நேற்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அண்ணனைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். சுடுமா?

குளிர் வருவதற்குள் பஞ்சு வைத்த மேலங்கியை எடுத்து வெயிலில் போடுங்கள்.

தங்கை,
ரியோ


மெய்ஜி ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் 27
அசாகுசா, டோக்கியோ

என் அன்புத் தங்கை, பத்தொன்பது பேரின் மகாகுருவே,

உன் கடிதம் வந்தபோது வயிறு சரியில்லை. படித்ததும் சரியாகிவிட்டது. ஆகவே அடிக்கடி எழுது, வைத்தியர் செலவு மிச்சம்.

இங்கே ஒரே கூத்து. பழைய கதையெழுத்தாளர்கள் எல்லாரும் இயற்கை விளக்கம் எழுதக் கிளம்பிவிட்டார்கள். நேற்றுவரை காதல் ஜோடிகளை ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்த ஆள் இன்று நீராவி எந்திரம் எழுதுகிறார். இன்னொருவர் இடி மின்னலைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். எனக்கு வெளிச்சம் மிஞ்சியது. பதிப்பாளர் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். “நரி படத்துக்காகவே விக்குதுய்யா, அடுத்த பாகத்துல நாலு நரி போடு” என்கிறார். நான்கு மாகாணங்களில் பள்ளிகளுக்கு வாங்கியிருக்கிறார்களாம். குளியல்கடையில் முதுகு தேய்க்கிறவர்கூட என்னைப் பார்த்து, “வெளிச்சத்தை உரிச்சா உள்ள ஏழு இருக்காமே” என்று கேட்கிறார்.

குழந்தைகளிடம் சொல், பன்னிரண்டாம் மாதம் நானே வருகிறேன். முப்பட்டைக் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்து கோயில் சுவரில் ஏழு நிறத்தையும் இறக்கிக் காட்டுகிறேன். தோமே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பின்னறை, ஜன்னல் என்றெல்லாம் எழுதி என்னைப் பயமுறுத்தாதே. உன்னை யார் அனுப்பப் போகிறார்கள்? எழுதுகிறவனின் தங்கை நீ. இருமல் வந்தால் இஞ்சித் தண்ணீர் குடி.

உன் அண்ணன்


மெய்ஜி ஐந்தாம் ஆண்டு, பத்தாம் மாதம் 20
ஷிராசாவா

அண்ணாவுக்கு,

முந்தாநாள் முதல் பனி விழுந்தது. இனி நான்காம் மாதம் வரை மண்ணைப் பார்க்க முடியாது. நீங்கள் நலமா? நான் நலம்.

நீங்கள் வருவதைச் சொன்னேன். தோமே மண்டபத்துத் தூணில் கரியால் கோடு போட்டு நாள் எண்ணுகிறாள். கோயில் பூசாரி திட்டினார், அழித்தாள், அடுத்த தூணில் போட்டாள்.

ஒரு விஷயம் உங்களைக் கேட்க வேண்டும். இந்த ஊர் பிழைப்பதே வெள்ளையால். பெண்கள் குளிர்காலம் முழுவதும் நார்த்துணி நெய்வார்கள். வெயில் ஏறியதும் வெளுப்புக்காரர்கள் அதைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்துப் பனிமேல் விரிப்பார்கள். பத்து நாள், இருபது நாள், அப்படி விரித்து விரித்து எடுத்தால் துணியிலிருந்து மஞ்சளும் பழுப்பும் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். கடைசியில் மிஞ்சுவதுதான் வெள்ளை. இவர்களிடம் போய், வெள்ளை என்பது எல்லா நிறமும் சேர்ந்தது என்று உங்கள் புத்தகம் சொல்கிறது. ஊர்த்தலைவர் மோஹே, வெளுப்பில் நாற்பது வருடம் கை நனைத்தவர், மண்டபத்துக்கே வந்தார். “வெள்ளைங்கறது எல்லாம் போன பெறகு இருக்கறதும்மா. எல்லாம் சேர்ந்தா வர்றது சேறு. இத எங்க புள்ளைங்களுக்கு ஏன் மாத்திச் சொல்ற?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கூரையில் தொங்கும் பனிக்கட்டியைச் சீவி வெயிலில் பிடித்துக் காட்டினேன். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பும் நீலமும் தெரிந்தன. “அது கட்டியோட நிறம், வெயிலோடது இல்ல” என்றார். நிறம் வெயிலுடையதா, கண்ணாடியுடையதா? பார்த்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருவதற்கு முன் இதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

மேலங்கியை வெயிலில் போட்டீர்களா என்று எழுதவில்லையே.

ரியோ


ஜனவரி 4, மெய்ஜி ஆறாம் ஆண்டு, புது நாட்காட்டி
அசாகுசா, டோக்கியோ

தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. திடுக்கிடாதே, உண்மையாகவே புத்தாண்டு. உங்கள் மலைக்குச் சேதி வந்ததோ இல்லையோ, அரசாங்கம் சந்திரனை வேலையை விட்டு நீக்கிவிட்டது. இனி மேற்கத்தியார் கணக்குத்தான். பன்னிரண்டாம் மாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால் 1873, ஜனவரி ஒன்று. கடன்காரர்களும் அரிசிப் பலகாரக்காரர்களும் தெருவில் நின்று புலம்பினார்கள்.

ஆகவே என்மேல் கோபப்படாதே. பன்னிரண்டாம் மாதம் வருவதாகச் சொன்னேன். அந்த மாதத்தையே அரசாங்கம் விழுங்கிவிட்டால் நான் என்ன செய்வேன்?

வேலை கழுத்தை நெரிக்கிறது. இரண்டாம் பாகம் அச்சில் இருக்கிறது. முதல் பாகத்தில் இன்னும் ஐந்து பிரதிகளும் ஒரு பெரிய வண்ணப் படமும் அனுப்புகிறேன், சுவரில் ஒட்டு. ஏழு நிறத்துக்கு ஏழு அச்சுப் பலகை செதுக்க முடியாது என்று பதிப்பாளர் ஐந்தோடு நிறுத்திவிட்டார். குழந்தைகள் எண்ணிப் பார்த்தால், மற்ற இரண்டும் பனியில் நனைந்து கரைந்துவிட்டன என்று சொல்லிவிடு.

உன் மோஹே தாத்தா கேட்டது பெரிய கேள்வி. பெரிய கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. குளிரில் வெளியே போகாதே.

அண்ணன்


எங்கள் கணக்கில் மெய்ஜி ஐந்து, பன்னிரண்டாம் மாதம் 28
ஷிராசாவா

அண்ணாவுக்கு,

நலமா? நான் நலம். பனி இரண்டு ஆள் உயரம் இருக்கிறது. மண்டபத்துக்கு மேல்மாடி ஜன்னல் வழியாக ஏறி இறங்குகிறோம்.

புது நாட்காட்டிச் சேதி உங்கள் கடிதத்தோடுதான் வந்தது. அதற்குள் இங்கே எங்களுக்குப் பன்னிரண்டாம் மாதம் கிட்டத்தட்ட முழுசாகவே நடந்துவிட்டது. இருபதாம் தேதி வாக்கில் வருவீர்கள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பதினெட்டிலிருந்து நான்கு நாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கணவாய்ப் பாதை தொடங்கும் இடம்வரை போய் நின்றோம். முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். நாலாம் நாள் தோமேயும் நானும். உப்பு மூட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவரிடம், “நீங்கதான் நரி மாமாவா?” என்று கேட்டாள்.

படத்தை ஒட்டியிருக்கிறேன். அழகாக இருக்கிறது. ஐந்துதான் இருக்கிறது என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள்.

மாலையில் குழந்தைகள் போன பிறகு இங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது. சில சமயம் உங்கள் கடிதங்களை உரக்க வாசிக்கிறேன். நீங்கள் பேசுவது போலவே இருக்கிறது. அதனால்தான் அதில் என் கேள்விக்குப் பதில் இல்லை என்பதும் இவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

ரியோ


எங்கள் கணக்கில் மெய்ஜி ஆறு, முதல் மாதம் 26
ஷிராசாவா

அண்ணாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா? அப்படியென்றால் இதைப் படித்துக் கவலைப்படாதீர்கள். ஆனால் படிக்க வேண்டும்.

இந்த மாதத் தொடக்கத்தில் பனிமேல் துணி விரிக்கத் தொடங்கினார்கள். வெளுத்து முடிந்த முதல் துண்டு, கீழ் வீட்டு ஓயோனே குளிர்காலம் முழுவதும் நெய்தது, தோமே வீட்டில் இருந்தது. தோமே அதில் ஒரு மூலை பழுப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறாள். அப்பாவுக்கு உதவி செய்யலாம் என்று, வீட்டில் இருந்த அவுரி நீலம், குசும்பப்பூச் சிவப்பு, மஞ்சள் எல்லாச் சாயத்தையும் ஒரு பானையில் ஊற்றி, உங்கள் நரி செய்தது போலவே கிண்டி, துணியை உள்ளே போட்டுவிட்டாள். வெள்ளையாகும் என்று காத்திருந்தாளாம். எடுத்தபோது கருப்பு.

அவளை அடித்துவிட்டார்கள். ஓயோனே கத்தவில்லை, பானைப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதி, உங்கள் கணக்கில் மார்ச் பாதி, ஊர்க் கூட்டம். பள்ளிக்கூடம் வேண்டுமா என்று அன்று முடிவு செய்கிறார்கள். மோஹே நேர்மையான மனிதர். “புத்தகத்த எரிக்கணும்னு நான் சொல்லல. பாத்த மனுசன் ஒருத்தன் வந்து பாத்தேன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். வர முடியாட்டி கையெழுத்துப் போட்டு முத்திரை வெச்சு எழுதட்டும்” என்றார். அப்படி வந்தால் பள்ளிக்கூடம் இருக்கும். வராவிட்டால் நான் பின்னறைக்குப் போக வேண்டியதுதான். மத்தாசுகே அங்கே எனக்காகப் பாயும் போட்டுவிட்டார்.

அண்ணா, ஐந்து மாதமாக நான் கேட்டதற்கெல்லாம் பதில் வேண்டாம். கண்ணாடியும் வேண்டாம். யோகோஹாமாவில் பார்த்ததை, அறை எப்படி இருந்தது, எந்த நேரம், நிறங்கள் எப்படி விழுந்தன என்று ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்து அனுப்புங்கள். அது போதும்.

ரியோ


மார்ச் 2, மெய்ஜி ஆறாம் ஆண்டு
டோக்கியோ

ரியோ,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நான் பார்க்கவில்லை. யோகோஹாமாவுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் மாட்டிறைச்சி தின்ன. வெளிநாட்டார் வீடு எதற்குள்ளும் நான் நுழைந்ததில்லை. முப்பட்டைக் கண்ணாடியைக் கையில் தொட்டதில்லை. மொழிபெயர்த்த இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு, குளியல்கடை மாடியில் படுத்தபடி பதினொரு நாளில் எழுதினேன். அது உயிரில்லாமல் இருந்தது. ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று ஒரு வரி சேர்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. கதை எழுதுகிறவன் கை அது. கதையில் அப்படி எழுதினால் யாரும் போய்ச் சரிபார்ப்பதில்லை. நரியையும் அப்படித்தான் போட்டேன். சாயம் வேறு வெளிச்சம் வேறு என்று எனக்கே தெரியாது. இப்போதும் தெரியாது.

நீ முதல் கடிதத்தில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டு எழுதிய முதல் கடிதம் அது. அதனால் சொல்ல முடியவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அலைந்தேன். அரசுக் கல்விக்கூடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறதாம். வாசல்காரன் என் பெயரைக் கேட்டுச் சிரித்தான். “நரி எழுதினவரா?” என்றான். உள்ளே விடவில்லை.

இத்துடன் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன். அறை, நேரம், நிறங்கள் எல்லாம் இருக்கின்றன. முத்திரையும் வைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது, எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மலைமேல் யாருக்குத் தெரியப் போகிறது? அதைக் கூட்டத்தில் வாசி. இந்தத் தாளை அடுப்பில் போடு. நீ அந்த அறைக்குப் போகக் கூடாது.

இசபுரோ


எங்கள் கணக்கில் இரண்டாம் மாதம் 17
ஷிராசாவா

அண்ணாவுக்கு,

கடிதம் கூட்டத்துக்கு முதல் நாள் வந்தது. பனி இளகத் தொடங்கியிருக்கிறது. நான் நலம்.

இரண்டு தாளையும் மடித்து அங்கியின் கைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். பெண்களும் வந்திருந்தார்கள், ஓயோனே உட்பட. நீங்கள் முத்திரை வைத்த தாளை எடுத்து வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் பலகையில் துளை, அதில் நுழையும் வெயில், நடுவில் கண்ணாடி, வெள்ளைச் சுவரில் ஏழு தாமரைப் பூப்போல் ஏழு வட்டங்கள். உண்மை தெரிந்த எனக்கே வாசிக்கும்போது அது நடந்ததுபோல் இருந்தது. மோஹே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “சரி, பாத்திருக்காரு” என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் இருக்கும் என்று ஆகிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து தோமே கேட்டாள். அவள் கன்னத்தில் தழும்பு இன்னும் போகவில்லை. “டீச்சர், அந்தச் சுவரு ஜன்னல்லேர்ந்து எத்தன அடி? எங்க வீட்டு ஜன்னல் பலகையில ஓட்ட போட்டு, கண்ணாடிக்குப் பதிலா பனிக்கட்டி வெச்சா தெரியுமா?” என்றாள். கையில் கரித்துண்டு வைத்திருந்தாள், எழுதிக்கொள்வதற்கு.

அடி வாங்கிய பிறகும் அவள் மறுபடியும் செய்து பார்க்கத் தயாராக இருந்தாள். நான் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். பத்தடி என்று சொல்லியிருந்தால் போதும். அவள் போய் ஜன்னலில் ஓட்டை போடுவாள், ஒன்றும் விழாது, மறுபடியும் அடி வாங்குவாள், தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வாள். என்னால் முடியவில்லை.

“எனக்குத் தெரியாது. என் அண்ணன் பாக்கல. பாக்காமலே எழுதிட்டாரு” என்றேன்.

மோஹே, “சொன்னியே, அது பெரிசு. ஆனா இனி எத நம்பிப் புள்ளைங்கள அனுப்பறது?” என்றார். கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து ஆண் ஆசிரியர் ஒருவர் கிடைக்கும்வரை பள்ளிக்கூடத்தை மூடுவது என்று முடிவாயிற்று. மாதக் கடைசியில் நான் அறையைக் காலி செய்ய வேண்டும்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பார்க்காமல் எழுதியதாகிவிடும். வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரியோ


ஜூன் 9, மெய்ஜி ஆறாம் ஆண்டு
யோகோஹாமா

ரியோ,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. நீ உயிரோடு, உடம்போடு நன்றாக இருக்கிறாயா? இதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

இரண்டாம் பாகத்தை நிறுத்திவிட்டேன். பதிப்பாளர் என்னோடு பேசுவதில்லை. ஏப்ரலிலிருந்து இங்கே ஒரு வெளிநாட்டு மருந்துக்கடையில் சீசாக்களுக்கு ஜப்பானிய மொழியில் பெயர்ச்சீட்டு எழுதுகிறேன். முதலாளி சுருட்டுப் பிடிக்கும் கிழவர். அவரிடம் இரண்டு முப்பட்டைக் கண்ணாடிகள் இருக்கின்றன என்று தெரிந்துதான் சேர்ந்தேன். இரண்டு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நேற்றுக் காலை பத்து மணிக்குக் காட்டினார்.

ரியோ, வட்டமே இல்லை. ஏழு பூவும் இல்லை. ஒரு நீளமான பட்டை, நாடாவை விரித்ததுபோல. சிவப்பில் ஆரம்பித்து ஊதாவில் போய் மங்கிவிடுகிறது. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எண்ண முயன்றேன், ஏழு வரவில்லை. கையை நீட்டிச் சிவப்பைத் தொட்டேன். சுடவில்லை. என் விரல் சிவப்பாகிவிட்டது, அவ்வளவுதான். பிறகு அவர் அந்தச் சிவப்பை மட்டும் இரண்டாவது கண்ணாடி வழியாக விட்டார். சிவப்பு சிவப்பாகவே வந்தது. நிறம் கண்ணாடியுடையது என்றால் இரண்டாவது கண்ணாடி அதை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. அடுத்து, இரண்டாவதைத் தலைகீழாக வைத்து எல்லா நிறத்தையும் சேர்த்து உள்ளே விட்டார். சுவரில் வெள்ளை விழுந்தது. நான் அழுதுவிட்டேன். கிழவர் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

துணி கறுத்தது ஏன் என்றும் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் மூன்று தடவை சொல்லித்தான் புரிந்தது. சாயம் வெளிச்சத்தைத் தின்கிறது. நீலச் சாயம் நீலத்தைத் துப்பிவிட்டு மற்றதைத் தின்கிறது, சிவப்பு தன் பங்கைத் தின்கிறது, எல்லாச் சாயமும் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாமல் தின்றுவிடுகின்றன. துணியிலிருந்து தின்கிறவற்றை எல்லாம் விரட்டிவிட்டால் வெளிச்சம் முழுசாகத் திரும்பி வருகிறது, அதுதான் உங்கள் ஊர் வெள்ளை. மோஹே சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. நான் போட்ட நரி ஒன்றுதான் தப்பு. அச்சுப் பலகையிலிருந்து அதைச் செதுக்கி எடுக்கச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.

பார்த்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை. தெருவில் ரொம்ப தூரம் நடந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டே நடந்தேன். அடுத்த மாதம் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை நிச்சயம். கூட்டத்தைக் கூட்டச் சொல். நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று மோஹேயிடம் நேரில் சொல்கிறேன்.

அண்ணன்


ஜூலை 3, மெய்ஜி ஆறாம் ஆண்டு (இங்கேயும் இப்போது புதுக் கணக்குதான்)
ஷிராசாவா, மத்தாசுகே வீடு

அண்ணாவுக்கு,

மழைக்காலம் முடியவில்லை. நீங்கள் நலமாக இருப்பது தெரிந்தது. நான் உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன்.

கடிதத்தை மத்தாசுகே முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். இந்த வீட்டில் அப்படித்தான். பகலிலும் விளக்கு வேண்டியிருப்பதால் இரவில் எனக்கு எண்ணெய் கொடுப்பதில்லை. நார் பிரிக்கக் கண் தேவையில்லை, விரல் போதும். உங்கள் கடிதத்தை வாசிக்கக் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

நீங்கள் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே. சாயம் வெளிச்சத்தைத் தின்கிறது என்ற இடத்தை நாலைந்து தடவை வாசித்தேன். இதைக் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியிருந்தால், மோஹே தொடையில் தட்டிச் சிரித்திருப்பார். அவர் மே மாதம் இறந்துவிட்டார். புது ஆசிரியர் வந்துவிட்டார். படிக்கத் தெரிந்தவர். புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டுவார், கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காதாம்.

வருவதாக இனி எழுதாதீர்கள். வருவதானால் வாருங்கள். எழுதினால் கணவாய்வரை போய் நிற்க வேண்டும்போல் இருக்கும், இங்கிருந்து என்னை அவ்வளவு தூரம் விட மாட்டார்கள்.

நீங்கள் பார்த்ததைச் சொல்ல உங்களுக்கு அந்த ஊரில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்கும் இல்லை. தோமேயைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மூன்று பள்ளத்தாக்கு தள்ளி ஒரு வீட்டில் விட்டுவிட்டார்கள். துணிக்கு ஈடாக ஐந்து வருடம். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். சுவர் எத்தனை அடி என்று தெரிந்தால் சொல்லி அனுப்பச் சொன்னாள்.

அந்த வீட்டு விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்த மருந்துக்கடைக்குப் போய் அளந்து பாருங்கள். ஜன்னல் துளை எவ்வளவு பெரிது, சுவர் எவ்வளவு தூரம், எத்தனை மணி வெயில், எல்லாவற்றையும் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

ரியோ